டவல் அன்னப்பறவை

மாலத்தீவு,
மார்ச் 3.

அன்புள்ள யுவராணி அப்பாவுக்கு,

அனுசியா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் பேசலாம் என்றால் சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார், அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அதனால் லீவில் வரும் எங்கள் சமையல்கார சிவபாண்டி அண்ணனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். கான்சாபுரத்தில் எங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு உங்களிடம் வருவார்.

யுவராணியிடம் நான் வேலை பார்க்கும் ஹோட்டலைப் பற்றிச் சொல்லுங்கள். கடலுக்கு அடியில் ஒரே ஒரு ரூம். மேலேயிருந்து முப்பது படி இறங்க வேண்டும். சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடி. நான் மெத்தை விரிப்பு மாற்றும்போது தலைக்கு மேலே திருக்கை மீன் போகும், காயப்போட்ட சேலை காற்றில் அலைகிற மாதிரி. சில நாள் வேலையை மறந்து வாயைப் பிளந்து நின்றுவிடுவேன். ஒரு வருசமாகத் துடைக்கிறேன், ஒரு நாளாவது அந்தக் கட்டிலில் படுக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை.

இப்போது பயம்தான். ஒரு மாதமாகக் கட்டில் தலைமாட்டில், கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலையில் ஈரம். மேனேஜரிடம் சொன்னேன். ஏ.சி. குளிருக்கு வேர்க்கிறது, அங்கே டவலில் ஒரு அன்னப்பறவை மடித்து வை, பார்க்கவும் அழகு என்றார். வைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் அதைப் போட்டோ எடுக்கிறார்கள். சாயங்காலம் எடுத்துப் பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர்.

மறுபடி சொன்னதற்குச் சிரித்தார். பதினெட்டாம் தேதி ரூம் காலிதான், நீயே ஒரு ராத்திரி தங்கிப் பார், பயம் தெளிந்துவிடும் என்றார். ஆசை கண்ணை மறைக்க, சரி என்று தலையாட்டிவிட்டேன். மறுநாள் ஒரு குடும்பம் வருகிறது, நம் யுவராணி வயசில் ஒரு பெண் பிள்ளையோடு. தொட்டியும் மோட்டாருமாக வாழ்ந்தவர் நீங்கள். இது வேர்வையா, கடலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எழுதுங்கள்.

பிள்ளைக்கு ஈரத்தலையோடு சடை போடாதீர்கள்.

அனுசியா

*

ராஜபாளையம்,
மார்ச் 11.

அன்பு அனுசியாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் கடைக்குப் போனேன், ஒரு வேலையும் ஓடவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள், பாதி சோற்றைத் தட்டில் வைக்கும் பழக்கம் போகவில்லை. சிவபாண்டி நாளைக்குக் கிளம்புகிறார். இந்தக் கடிதம் பால்கோவா டப்பாவுக்கு அடியில், தாளுக்குக் கீழே இருக்கும்.

முதலில் நீ கேட்டது. அந்த மூலையை நல்ல தண்ணீர் தொட்டு இரண்டு தடவை துடை. உலர்ந்த துணியால் ஒற்றி எடு. ஒரு மணி நேரம் விடு. பிறகு புதிதாக ஊறுகிற ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வை. ஏ.சி. தண்ணீர் சப்பென்று இருக்கும். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த ரூமில் ஒரு நிமிசம் நிற்காதே.

இனி எழுதுவதை ஒன்பது வருசமாக எழுதாமல் வைத்திருந்தேன்.

நம் மில்லில் தண்ணீர்த் தொட்டி உடைந்து உன் அண்ணன் சங்கையா செத்ததற்கு மழைதான் காரணம் என்று ஊரே சொன்னது. நீயும் அப்படித்தான் நம்புகிறாய். முந்தின ராத்திரி மழை பெய்தது நிஜம். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பே தொட்டிச் சுவரில் ஈரம் ஓடியதை நான் பார்த்தேன். பராமரிப்பு என் வேலை. மேலே இருப்பவர்களிடம் சொன்னேன். ஆயுத பூஜைக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள், இப்போதைக்கு வெள்ளையடித்து மறை, பூஜை முடிந்து பார்க்கலாம் என்றார்கள். நானே சுண்ணாம்பு அடித்தேன். ஈரம் மறுபடி தெரிந்த இடத்தில் பட்டையாகச் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்தேன். வந்தவர்கள் அந்தச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள். எங்கள் இரண்டு பேருக்கும் நீ கொடுத்துவிட்ட தூக்குச்சட்டியோடு மச்சான் அந்தத் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்தார். என்னையும் கூப்பிட்டார். நான் தள்ளி, வெயிலில் உட்கார்ந்தேன். ஏன் மாப்ள வெயில்ல கிடக்க என்று கேட்டார்.

“சும்மாதான் மச்சான், வெயிலு நல்லாருக்கு” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. சுவர் நிற்காது என்று எனக்குத் தெரியும், அனுசியா. தெரிந்துதான் தள்ளி உட்கார்ந்தேன். பராமரிப்பு பார்த்தவன் கையால் மறைத்த ஈரம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு உன் அண்ணனைக் கொடுத்தேன்.

உன் அன்னப்பறவையைப் பற்றிப் படித்தேன். நான் சந்தனம் வைத்த இடத்தில் நீ டவல் வைத்திருக்கிறாய். அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும்.

இதைப் படித்த பிறகு நீ என்னிடம் வர வேண்டாம். உன் அம்மா வீட்டுக்குப் போ, பிள்ளையை அங்கே கொண்டுவந்து விடுகிறேன். ஆனால் பதினெட்டாம் தேதி அந்தப் படியில் மட்டும் இறங்காதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஐயாதுரை

*

மாலத்தீவு,
மார்ச் 20.

யுவராணி அப்பாவுக்கு,

உப்புத்தான் கரித்தது.

மேனேஜரையும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பதினெட்டாம் தேதி ராத்திரி நான் இறங்கவில்லை. அந்தக் குடும்பம் படகில் வந்து இறங்கியதும், மேனேஜர் முன்னாலேயே, சிவபாண்டி அண்ணனை வைத்து இங்கிலீஷில் சொல்லவைத்தேன். அந்தப் பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ரூமைப் பூட்டிவிட்டார்கள். எனக்கும் சிவபாண்டி அண்ணனுக்கும் வேலை போய்விட்டது. எனக்கு அடுத்த புதன்கிழமை டிக்கெட். அண்ணன் நாளைக்கே கிளம்புகிறார், இந்தக் கடிதம் அவரோடு வரும்.

உங்கள் கடிதத்தின் மீதிப் பாதியைப் பற்றி இதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றைக்குத் தூக்குச்சட்டியில் வைத்தது புளிச்சோறு. சங்கையா அண்ணனுக்குப் பிடிக்கும் என்று அதிகம் வைத்தேன். அவர் எவ்வளவு சாப்பிட்டிருந்தார் என்று இத்தனை வருசத்தில் உங்களிடம் கேட்டதில்லை. வந்து கேட்பேன். நீங்கள் சொல்ல வேண்டும்.

நான் வரும்வரை எங்கள் அம்மாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் வாயால்தான் அவரிடம் சொல்ல வேண்டும், அதில் மாற்றம் இல்லை. ஆனால் கான்சாபுரத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். நான் வந்துவிடுகிறேன்.

அனுசியா