கூட்ஸ் வண்டிக்கு அந்தப் பக்கம்

அக்கா,

இன்று காலை ஒரு கூட்ஸ் வண்டி நம் வீதிக்கு நேராக வந்து நின்றது. பிரேக் தேய்ந்த இரும்பு வாடை அடுப்படிவரை வந்தது. நீங்கள் இறந்து நாற்பது நாள் ஆகிறது. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

தூத்துக்குடிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், இந்த வீதி ஏன் இப்படி வளைந்து கிடக்கிறது என்று உங்களிடம்தான் கேட்டேன். ரயில் வளைந்த இடத்தில் வீதியும் வளைந்துவிட்டது என்றீர்கள். பஞ்சு மூட்டை இறக்க வந்தவர்கள் முதலில் குடிசை போட்டார்களாம். பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள் அதை ஓட்டு வீடாக்கினார்களாம். வீடெல்லாம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கம்பெனியெல்லாம் அந்தப் பக்கம். நடுவில் கூட்ஸ் நின்றால் குனிந்து அடியில் புகுந்துதான் வேலைக்குப் போவோம்.

ஒரு நாள் நான் பாதி புகுந்திருந்தபோது வண்டி குலுங்கியது. முன்னால் போயிருந்த நீங்கள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தீர்கள். என் டிபன் பாக்ஸ் சக்கரத்தில் நசுங்கித் தகடானது. மறுநாள் நடைபாலம் கேட்டு மனு எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனீர்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை, அக்கா. அதிகாரிகள் வந்து அளந்தால் ரயில்வே இடத்தில் கட்டிய வீடுகள் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் பயந்தார். எனக்கும் பயம்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

"சரி கண்ணு, மொதல்ல கொழந்தயப் பாரு" என்று அடுத்த வாசலுக்குப் போனீர்கள்.

பாலம் வந்தது. படிக்கட்டுக்கு இடம் வேண்டுமென்று இடித்தது உங்கள் வீட்டைத்தான். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது, இப்படி ஆகுமென்று தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும் கண்ணு. ஊடு வேற பாத்துக்கலாம். ஆளுக்கு எங்க போறது?" என்றீர்கள்.

அதன் பிறகு பெருமாநல்லூரில் குடியேறி, அங்கிருந்து பஸ்ஸில் வந்து கம்பெனிப் பக்கமே இறங்கினீர்கள். அந்தப் பாலத்தில் ஏற வேண்டிய தேவையே உங்களுக்கு வரவில்லை. எத்தனையோ வருடம் ஒரே செக்கிங் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பனியனில் ஓட்டை, கறை பார்த்தோம். நான் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை.

அன்று காய்ச்சல் இல்லாத அந்தக் குழந்தை இப்போது கல்லூரிக்குப் பாலத்தின் வழியாகத்தான் போகிறாள். நீங்கள் போன பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்மா" என்றாள்.

தெரிந்திருக்கும், அக்கா. தெரிந்தும், நான் பொய் சொன்ன மறுநாள் உங்கள் டிபனில் பாதியை எனக்குக் கொடுத்தீர்கள்.