கடன்காரர் என்ற இடத்தில் உன் பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போனது. நிறுத்திவிட்டேன். இங்கே நலம் என்று எழுதினால் பொய். அங்கே நலமா என்று கேட்டால் நீ பதில் சொல்லப் போவதில்லை. போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். காகிதத்தைத் தடுப்பதற்கு இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். கிழித்துப் போடலாம். கிழிப்பதற்குள் நாலு வரி கண்ணில் படும். அது போதும்.

குட்டி நன்றாக இருக்கிறாள். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கையை விட்டுவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டு உட்கார்ந்துவிடுகிறாள். இப்போதுதான் தூங்கினாள். இவருக்கு இந்த வாரமும் கிடங்கில் இரவு வேலை. அந்தச் சம்பளம் வாடகைக்கும் பாலுக்கும் சரியாகிவிடுகிறது. பாக்கி எல்லாம் என் பெயரில் இருக்கிற கடன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் திவால் மனு போட்ட ஆபீசிலிருந்து உன் வீட்டுக்கு நோட்டீஸ் வந்ததாக அம்மா சொன்னாள். 'கடன்காரர்' என்று போட்டு அதற்கு எதிரே உன் பெயர் இருந்ததாம். அதைப் படித்துவிட்டு அத்தான், "பாத்தியா உன் தங்கச்சிய. அவ வாங்கித் தின்னுட்டு நம்மள கடன்காரங்க ஆக்கிட்டா" என்று குதித்தாராம். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயாம். அம்மா என்னிடம் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: "அவ பேர எடுத்துடு. கூடப் பொறந்தவள யாராவது கோர்ட்டுக்கு இழுப்பாங்களா?"

அக்கா, அந்த நோட்டீஸில் கடன்காரர் என்றால் எனக்குக் கடன் கொடுத்தவர் என்று பொருள். நீ யாருக்கும் ஒரு பைசா பாக்கி என்று நான் எழுதவில்லை. நம் மொழியில் வாங்கினவனும் கடன்காரன், வாசலில் நின்று கேட்கிறவனும் கடன்காரன். அச்சடித்த மகானுபாவருக்கு அது உறைக்கவில்லை. உறைத்திருந்தால் 'கடன் கொடுத்தவர்' என்று போட்டிருப்பார், அத்தானும் குதித்திருக்க மாட்டார். சின்ன வயதில் பாலைக் கொட்டினாலும் கடன்காரி, பென்சிலைத் தொலைத்தாலும் கடன்காரி என்றுதானே அம்மா நம் இருவரையும் திட்டுவாள். யாருடி ரெண்டு பேர்ல பெரிய கடன்காரி என்று நீ கேட்டுச் சிரிப்பாய். அந்தச் சொல் முத்திரையோடு வந்தால் சிரிப்பு வராது என்பது எனக்கும் தெரிகிறது.

ஆனால் பிறகு நீ அம்மாவிடம் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "இருந்த வேலைய விட்டுட்டு இப்ப மஞ்சக் கடுதாசி குடுக்கறாளா?" என்றாயாம். நான் விடவில்லை. நீயே அப்படிச் சொன்னால் ஊர் என்ன சொல்லாது.

பிரசவ விடுப்பு முடிந்து போன முதல் நாள். என் வேலை உனக்குத் தெரியும். மருந்துப் பெட்டிகள் அச்சாகும்போது நீலம் நீலமாகத்தான் விழுகிறதா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. அன்றைக்கு அட்டையைத் தேய்த்தால் கேட் திறக்கவில்லை. தினமும் வணக்கம் சொல்கிற காவலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் வெளியவே இருங்கம்மா" என்றார். பிறகு ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் டிபன் டப்பா, ஸ்வெட்டர், மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். "உங்கள நீக்கல மேடம். உங்க பதவியத்தான் நீக்கியிருக்கோம்" என்றாள், சிரித்த முகமாக. அப்படியென்றால் அந்தப் பதவியல்லவா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்க வேண்டும்? ஏறினது நான். என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து அதே நீலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது கேட்டுக்கு வெளியே நின்றபோதே ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் பதவிக்கு வேறு பெயராம். சம்பளம் பாதியாம்.

அதற்குப் பிறகு எத்தனை இடத்தில் கேட்டேன் தெரியுமா. குழந்தைக்கு என்ன வயசு என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. என் படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வசூல்காரர்கள் தினமும் கூப்பிட்டார்கள். ஒருவன், "பெத்துக்கத் தெரிஞ்சுதில்ல, கட்டத் தெரியாதா?" என்றான். குட்டி குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த கணக்குக்குத்தான் அந்தக் கடனே என்று சொன்னேன். "அது உங்க பர்சனல் மேடம்" என்றான். பெத்ததை அவன் பேசலாம், பெத்த கதை மட்டும் பர்சனல். ஆடம்பரம் பண்ணிக் கவிழ்ந்தாள் என்று சித்தப்பா சொல்லித் திரிகிறாராமே, அவரிடம் சொல், நான் வாங்கின ஒரே ஆடம்பரம் ஆக்ஸிஜன்.

மனு கொடுக்கப் போன ஆபீஸ் வேறு ரகம். நாற்காலிகளை ஒரே கம்பியில் கோர்த்திருக்கிறார்கள். ஒருவர் எழுந்தால் வரிசை முழுக்க ஆடும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. உள்ளே அதிகாரி வீட்டிலிருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். டிவி எத்தனை இன்ச் என்றார். கட்டில் மரமா இரும்பா என்றார். தாய்ப்பால் எடுக்கிற மெஷினைக்கூட விடவில்லை, "இத வித்தா எவ்ளோ வரும்?" என்று தலைநிமிராமல் கேட்டார். வக்கீலம்மா தும்மிக்கொண்டே, "சார், அத யார் சார் வாங்குவாங்க" என்றார். இலவச சட்ட உதவியில் கிடைத்தவர், வாரம் முழுக்க ஜலதோஷம். ஆனால் அந்த அறையில் எனக்காகப் பேசினது அவர் ஒருவர்தான்.

இப்போது உன் பெயர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். பொறுமையாகப் படி, ஏனென்றால் அத்தான் சொன்னதில் பாதி உண்மை.

குட்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ பணம் அனுப்பினாய். "திருப்பித் தர வேணாம்டி. புள்ள வீட்டுக்கு வந்தா போதும்" என்றாய். நான் கேட்கவில்லை. விடுப்பில் இருந்தபோதும், வேலை போகும்வரை, மாதாமாதம் கொஞ்சம் அனுப்பினேன். அனுப்பும்போது பாங்கு குறிப்பில் 'அக்கா கடன்' என்று நானே அடித்தேன். அத்தான் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமே என்கிற ரோஷம். வக்கீலம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஏம்மா இப்படி எழுதுனீங்க? திருப்பிக் குடுக்காம இருந்திருந்தா இது சும்மா குடுத்த பணம். குடுத்ததால கடன் ஆயிடுச்சு. அதுலயும் சொந்தக்காரங்களுக்கு மட்டும் குடுத்திருக்கீங்க, மத்தவங்க கேக்க மாட்டாங்களா?" என்றார்.

ஆகவே உனக்கு நான் அனுப்பியதை நீ திருப்பிக் கட்ட வேண்டுமாம். அதை எல்லாக் கடன்காரர்களுக்கும் பங்கு போடுவார்களாம். என் பிள்ளைக்கு மூச்சு வாங்கிக் கொடுத்த நீயும், போனில் அப்படிப் பேசினவனின் கம்பெனியும் ஒரே பந்தியில். நியாயமா என்று வக்கீலம்மாவிடம் கத்தினேன். "சட்டம்மா" என்றார். பெரிய மனிதர்கள் சொத்தையெல்லாம் மனைவி பெயரில் எழுதிவைத்துவிட்டுத் திவாலாகும்போது இந்தச் சட்டம் எங்கே போய்ப் படுத்திருந்தது என்றேன். அதற்குத் தும்மல்தான் பதில்.

அம்மா சொன்ன மாதிரி உன் பெயரை எடுத்துவிடலாமா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மறைத்தது தெரிந்தால் மனுவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். எல்லாக் கடனும் திரும்ப என் தலையில். எந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தாலும் சம்பளத்திலேயே பிடிப்பார்கள், குட்டி பள்ளிக்கூடம் போகிற வயதிலும். நீ கோபித்துக்கொள்வாய் என்பதற்காக அவளை அதில் தள்ள மாட்டேன். உன் பெயர் அங்கேதான் இருக்கும், அக்கா. மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன். நான் எழுதியது உண்மை.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அத்தான் குதித்தால் குதிக்கட்டும், அவருக்கு நான் மச்சினி. உனக்கு நான் யார்? "என்னடி இது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வசூல்காரன்கூட என்னைத் தினமும் கூப்பிட்டான். நீ கூப்பிடவில்லை.

வரும் பத்தொன்பதாம் தேதி காலை அதே ஆபீசில் விசாரணை. கடன் கொடுத்தவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் வர மாட்டார்கள், காகிதம்தான் அனுப்புவார்கள் என்று வக்கீலம்மா சொன்னார். நீ வந்து, அது கடன் இல்லை, பிள்ளைக்குக் கொடுத்தது என்று உன் வாயால் சொன்னால் அதிகாரி நீ கட்ட வேண்டிய அந்தத் தொகையை விட்டுவிடக்கூடும் என்கிறார். நிச்சயம் என்று சொல்லவில்லை. பொய் சொல்லச் சொல்லியும் நான் கேட்கவில்லை. நீ சொன்னதைத்தான் சொல்லச் சொல்கிறேன்.

அப்படிச் சொல்ல உனக்கு மனசு வராவிட்டால், என்னை எதிர்த்துப் பேசவாவது வா. இவள் என்னை ஏமாற்றிவிட்டாள், இவள் மனுவை ஏற்காதீர்கள் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. அவர்கள் பெயரைக் கூப்பிடும்போது நீ எழுந்தால் வரிசை முழுக்க ஆடும், நான் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்வேன். என்ன வேண்டுமானாலும் சொல். நேரில் வந்து சொல்.

குட்டியைத் தூக்கிக்கொண்டுதான் வருவேன், பார்த்துக்கொள்ள ஆளில்லை. நீ வந்தால், நான் உள்ளே பதில் சொல்லும் நேரம் அவளைக் கொஞ்சம் வைத்துக்கொள்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
தங்கை