அரசாங்கத்துக் கெளுத்தி

சோங் பீ நோங்,
ஞாயிறு இரவு

மப்ராங்கின் அப்பாவுக்கு,

நித்தயா எழுதுகிறேன். இங்கே வீடு சுகம், கோழிகள் சுகம், நீங்கள் போன வருடம் மாற்றிவிட்டுப் போன கூரைத் தகடும் சுகம். உங்கள் மகள் சுகம் என்று எழுதத்தான் பேனா நகரவில்லை. நீங்கள் சுகமா என்றும் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

ஃபோன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஃபோனில் பேசினால் இவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கேட்கிறாள். நான் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாலோ, நீங்கள் "ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள். உங்கள் ஃபேக்டரித் தோழர் தோங்சாய் செவ்வாய்க்கிழமை தைவானுக்குத் திரும்புகிறார். மிளகாய்த் துவையல் பாட்டிலோடு இதையும் அவர் பையில் திணித்து அனுப்புகிறேன். தயவுசெய்து பாட்டிலை முதலில் திறக்காமல் இதைத் திறங்கள்.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை காலை, கொடியேற்றும்போது, மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் நின்று "நான் செய்ததற்கு வருந்துகிறேன்" என்று மப்ராங் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் விவகாரம் தீர்ந்தது. சொல்லாவிட்டால் இந்த வருடம் முடிகிறவரை மீன் குளம், கோழிக்கூண்டு, முயல் கூடு, எதன் பக்கமும் போகக்கூடாது என்று தலைமையாசிரியர் பிரசோப் தீர்த்துச் சொல்லிவிட்டார். இவளிடமிருந்து பிராணிகளைப் பிரித்தால் என்ன மிச்சம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல மாட்டேன் என்கிறாள். மூன்றாம் வகுப்பு படிக்கிற குழந்தைக்கு இவ்வளவு வீம்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுப் பக்கத்திலிருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஜூன் மாதம் பென்சில் பெட்டிக்குள் பல்லிக்குட்டியைக் கொண்டுபோனாள். அதற்கு அடுத்த வாரம் தண்ணீர் பாட்டிலில் சண்டை மீன். பக்கத்து பெஞ்சுப் பையன் தாகத்தில் அதை எடுத்து வாயில் வைத்திருக்கிறான். அவன் அம்மா என்னைச் சந்தையில் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்ல தண்ணியை வடிகட்டற பழக்கமே இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பு ஆசிரியை ரச்சனி நல்லவர். "இவ்வளவு ஆசை இருக்கிற பிள்ளைக்கு ஒரு பொறுப்பு கொடுத்துட்டா தானா அடங்கிடும்மா" என்றார். மதிய உணவுக்காகப் பள்ளிக்கூடத்தில் கெளுத்தி வளர்க்கிறார்களே, அந்தக் குளத்துக்கு இரை போடும் குழுவுக்கு இவளைத் தலைவியாக்கினார். நானும் சந்தோஷப்பட்டேன். இனிமேல் பல்லி வராது என்று நினைத்தேன். பல்லியே வந்திருக்கலாம்.

போன திங்கட்கிழமை மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து நான்கு பேர் குளத்தைப் பார்வையிட வந்தார்கள். பிரசோப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, சமையலுக்கு ஆள் வைத்து, எண்ணெயைக்கூடக் காய வைத்துவிட்டுத் தானே வலையை வீசியிருக்கிறார். வந்ததெல்லாம் விரல் நீளக் குஞ்சு. இன்னொரு தடவை வீசினார், அதுவும் குஞ்சு. பெரிய மீன் எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு, "அடியில இருக்குங்க, புது ஆளுங்களைப் பார்த்தா கூச்சப்படும்" என்றாராம். அதிகாரியும் கூட வந்த கேமராக்காரரும் மீனுக்குக் கூச்சம் தெளிய அரைமணி நேரம் காத்திருந்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் பொரித்த முட்டை போட்டு அனுப்பினார்கள்.

அன்றைக்கு முழுவதும் இவள் வலது கையைப் பாவாடைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ரச்சனி டீச்சர் இழுத்துப் பார்த்தால், கை ஆவியில் வெந்த பன் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. கெளுத்தி முள் குத்தினால் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது! அப்புறம் மறைக்கவே இல்லை. "முப்பத்தஞ்சு மீன் எடுத்தேன். விகாரைத் துறையில விட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கூடப் போன தோழி பிம்தான் அழுதுகொண்டே மற்றதைச் சொன்னாள். சனிக்கிழமை இரை போடப் போனபோது தோட்டக்காரரின் தள்ளுவண்டியில் இரண்டு வாளி வைத்து, பெரிய மீனாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, வேலிக்கு அந்தப் பக்கம் விகாரைக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்று நடை! குளத்தில் இருந்த பெரிய மீனே அவ்வளவுதான்.

ஆற்றில் வேறெங்கே விட்டிருந்தாலும் வலை போட்டுப் பார்த்திருப்பார்கள். விகாரைத் துறை அபயம் கொடுத்த தண்ணீர். அங்கே தூண்டில்கூட யாரும் நனைப்பதில்லை. பிரசோப்புக்குத் தெரியாதா? ஆனாலும் மனது கேட்காமல் வலையோடு போய்ப் படியில் நின்றிருக்கிறார். பெரிய பிக்குவிடம், "சாமி, இது அரசாங்கத்து மீன்" என்றாராம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அப்படியா? எது அரசாங்கத்து மீன், எது எங்க மீன்னு எனக்கு அடையாளம் தெரியல. நீயே கூப்பிட்டுப் பாரு. பேரு சொன்னா வர்றதை எடுத்துட்டுப் போ" என்றாராம். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பிரசோப் அந்தப் படியில் நின்று, பொட்டலம் பொட்டலமாக ரொட்டி வாங்கிப் போட்டு, தன் மீன் கொழுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாவமாகத்தான் இருக்கிறது. இரண்டு வருடமாக அந்தக் குளத்துக்காக அலைந்த மனுஷன்.

எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது? ஒரு வாரமாகப் பள்ளிக்கூடத்தில் தினமும் முட்டை. பிள்ளைகள் இவளை "முட்டை மப்ராங்" என்று கூப்பிடுகிறார்கள். கூட்டுறவு அலுவலகத்தில் நான் உட்கார்ந்தால் எதிர் மேஜை அக்கா, "என்ன நித்தயா, உன் மக பெரிய தர்மம் பண்ணிட்டாளாமே, அரசாங்கச் செலவுல!" என்கிறாள். சிரித்து வைக்கிறேன். நான்கு வருடம் கல்லூரியில் கணக்கியல் படித்துவிட்டு, கெளுத்தி மீனுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கென்ன, நீங்கள் தைவானில், தைச்சுங்கில் இருக்கிறீர்கள்!

வீட்டில் நான் கத்தாத கத்தல் இல்லை. கையை வெந்நீரில் வைக்கச் சொன்னால் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். சாப்பிடும்போது இடது கையில் ஸ்பூன். புதன்கிழமை இரவு பொறுமை போய், "இந்த வீட்ல எல்லாருமே கையை மறைக்கக் கத்துக்கிட்டீங்களா!" என்று கத்திவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "உனக்கும் தெரியுமாம்மா?" என்றாள்.

ஆமாம், எனக்குத் தெரியும். தன் தம்பி துறவேற்கும் சடங்குக்காக, இந்த மீன் விவகாரத்துக்கு முன்பே வந்திறங்கிய தோங்சாய், மறுநாளே வீட்டுக்கு வந்தார். கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "ரெண்டு விரல் போயும் உன் புருஷன் ஓவர்டைமை விடலம்மா, என்ன மனுஷன்!" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரை ஏறிவிட்டது. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் என்னிடம் சொல்லியிருப்பீர்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இவள் அப்போது தூணுக்குப் பின்னால் கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோழியோடு இருந்தால் இவளுக்கு உலகமே காதில் விழாது என்று நான் நம்பிவிட்டேன். எல்லாம் விழுந்திருக்கிறது.

இவள் மீனை விட்ட அந்தச் சனிக்கிழமை உங்கள் பிறந்தநாள். கேமரா கெட்டுப்போய்விட்டது என்று குரலில் மட்டும் பேசினீர்களே, அதே நாள். உங்களுக்கு முப்பத்துநான்கு முடிந்தது. ஒருவருடைய நலனுக்காக மீனையோ பறவையையோ விடுவிக்கும்போது, அவர் வயதுக்கு மேல் ஒன்று சேர்த்து விடுவது நம் வழக்கம். டீச்சரும் பிரசோப்பும் இவள் விளையாட்டாக அள்ளிக்கொண்டு போனாள் என்று நினைக்கிறார்கள். யாரும் எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை. கணக்கியல் படித்த நானே புதன்கிழமை வரை கவனிக்கவில்லை.

சின்ன மீனாக விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்தேயிருக்காதே என்று கேட்டேன். "சின்ன மீன் சளி காய்ச்சலுக்குப் போதும்மா. அப்பாவோடது மெஷின்ல மாட்டினது" என்றாள்.

சரி, செய்தது செய்தாகிவிட்டது, வருந்துகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று கெஞ்சினேன். அதற்கு என்ன சொன்னாள் தெரியுமா? தர்மம் பண்ணிவிட்டு ஐயோ என்று வருந்தினால் புண்ணியம் போய்விடும், நன்னெறி வகுப்பில் டீச்சரே சொன்னார் என்கிறாள். "நான் வருந்தினா அப்பா கை ஆறாது." வாயால் மட்டும் சொல், மனதில் வருந்தாதே என்றேன். பெற்ற தாய் சொல்கிற யோசனையா இது! "கொடிக்கு முன்னாடி பொய் சொல்லச் சொல்றியா?" என்று கேட்டாள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

பிரசோப்பிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம். அவர் கெட்டவர் இல்லை, கேட்டால் உருகிவிடுவார். உருகி, ஊர் முழுக்கச் சொல்வார். மத்தியானத்துக்குள் உங்கள் அம்மாவுக்குப் போய்ச் சேரும். நீங்கள் உங்கள் வாயால் எங்களிடமே சொல்லாத ஒன்றை நான் எப்படிப் பள்ளிக்கூடத்தில் சொல்வது? இவள்கூட அதை யோசித்துத்தான் டீச்சரிடம் வாயைத் திறக்கவில்லை. "அப்பா மறைக்கிறாருன்னா அவருக்கு வெட்கமா இருக்கும்மா, நாம கேக்கக் கூடாது" என்கிறாள். இவளைவிடப் பெரியவர்களான நாம் இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தோம் பாருங்கள். நீங்கள் கேமரா கெட்டது என்றீர்கள். நானும், சரி, ரிப்பேருக்குக் கொடுங்கள் என்றேன்.

ஆனால் இவளிடமே இதற்கு ஒரு வழி இருக்கிறது. நேற்று தூங்கப் போகும்போது தானாகச் சொன்னாள். யாருக்காகப் புண்ணியம் செய்தோமோ அவர் கைகூப்பி "சாது" என்று சொல்லி வாங்கிக்கொண்டால் அது போய்ச் சேர்ந்துவிடுமாம். சேர்ந்த பிறகு யார் வருந்தினாலும் திரும்பி வராதாம். "அப்பா வாங்கிக்கிட்டாருன்னா நான் கொடி முன்னாடி எவ்வளவு வேணும்னாலும் வருத்தப்படறேன். பிரசோப் சாரைப் பார்த்தா எனக்கே பாவமாத்தான் இருக்கு" என்றாள். அப்படியானால் அப்பாவிடம் ஃபோனில் கேட்பதுதானே என்றேன். அப்பா கைகூப்புகிறதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். கேமராதான் கெட்டுப்போயிருக்கிறதே என்றாள். கிண்டலா, நிஜமாகவே நம்புகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் மகள்.

ஆகையால் நான் கேட்பது இவ்வளவுதான். வியாழக்கிழமை சாயங்காலம், ஷிஃப்டுக்கு முன்னாலோ பின்னாலோ, கூப்பிடுங்கள். கேமராவைத் திறங்கள். முதலில் அவளிடம் நீங்களே சொல்லுங்கள், அவளுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல். அப்புறம் கைகூப்பி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். கட்டுப்போட்ட கையோ, கட்டு அவிழ்த்த கையோ, இருக்கிறபடி கூப்பினால் போதும். மீனைத்தான் எண்ணினோம், விரலை எண்ண மாட்டோம்.

ஒப்பந்தத்தை இன்னொரு தடவை நீட்டப் போவதாகப் போன மாதம் சொன்னீர்கள். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் ஒன்றும் கேட்கவில்லை. தகடு இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கும் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

இவள் கை வீக்கம் வடிந்துகொண்டிருக்கிறது. இன்று காலை வலது கையாலேயே சாப்பிட்டாள். உங்களுக்கு மிளகாய்த் துவையலில் காரம் குறைத்திருக்கிறேன், புண் ஆறுகிற நேரம் என்று. பார்த்தீர்களா, சொல்லாமலே எத்தனை நாளாக உங்கள் கைக்குப் பக்குவம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

மும்மணிகளின் காவல் உங்களோடு இருக்கட்டும். விகாரைத் துறையில் முப்பத்தைந்து பெரிய கெளுத்திகள் பிரசோப்பின் ரொட்டியைத் தின்றுகொண்டு உங்களுக்காக நீந்துகின்றன. வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஃபோனுக்கு முன்னால் குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருப்போம். உங்கள் முகம் வரட்டும். கையும் வரட்டும்.

உங்கள்
நித்தயா