கோவளத்தில் உப்புக் காய்ச்சிய டீச்சருக்கு

டீச்சரம்மா,

இன்று காலை வேர்க்கடலை அவிக்க வைத்த உப்புத் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. அந்தக் கருகல் வாசனைக்கு நீங்கள் வந்து என் பக்கத்தில் நின்றீர்கள், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கண்ணெல்லாம் புகையாக. நீங்கள் போய் ஒரு மாதம்தான் ஆகிறது.

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் நாம் அடுத்தடுத்த போர்ஷன். நீங்கள் பெண்கள் பள்ளியில் சரித்திரம் எடுத்தீர்கள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் மகள் கலா உங்கள் வகுப்பு. நானோ மூன்றாவதோடு நின்றவள். உப்புச் சத்தியாக்கிரகப் பாடம் வந்ததும், "குஜராத் கடலைப் புத்தகத்துல பாத்து என்ன ஆகப்போகுது? நமக்கும் கடல் இருக்கே" என்று பிள்ளைகளை ரெண்டு பஸ் மாற்றிக் கோவளத்துக்குக் கூட்டிப் போனீர்கள். துணைக்கு நானும் என் அலுமினியக் குண்டானும்.

மணலில் கல் கூட்டிக் கடல் தண்ணீரைக் காய்ச்சினோம். மீன் விற்றுக்கொண்டிருந்த கிழவி, "இன்னா டீச்சரம்மா, தாம்பரத்துல உப்பு கெடைக்கலியா?" என்று சிரித்தாள். "வெள்ளைக்காரன் காலத்துல இப்படிக் காய்ச்சினா போலீஸ் வருமாமே ஆயா" என்று கலா சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றது. "வந்தானுங்களே! எங்க மாமியா சட்டிய ஒதைச்சு ஒடைச்சானுங்க. தோ, அந்தப் படகு நிக்கிது பாரு, அங்கதான்."

பிள்ளைகள் எல்லாரும் எழுந்து போய் அந்த வெறும் மணலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாடம் அங்கேதான் உள்ளே இறங்கியது. பழுப்பாக ஒரு பிடி உப்போடு திரும்பினோம்.

அந்தக் கண்ணாடி சாருக்கு அது பொறுக்கவில்லை. பொழிச்சலூரில் சொந்த வீடு, ஆபீஸ் உத்தியோகம், அவர் மகள் கலாவோடு படித்தவள். மீன்காரர்கள் நடுவில் தன் பெண்ணை உட்கார வைத்துவிட்டீர்களாம். உங்களை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனார். என் வாசலுக்கும் வந்தார்.

"கையெழுத்துப் போடும்மா. சரித்திரத்தப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாது சார். என் பொண்ணுக்காவது தெரியட்டும், போய்ட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினேன்.

வேலை தப்பியது, சரித்திர வகுப்பு போனது. உங்களைத் தையல் வகுப்புக்குத் தள்ளினார்கள். நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. "துணி போதும். வெள்ளைக்காரன் நம்ம ஊருக்குத் துணி வாங்கத்தானே வந்தான்?" என்றீர்கள். நெய்தவர்களைக் குடிவைத்த சிந்தாதிரிப்பேட்டை, துணி வெளுத்த வண்ணாரப்பேட்டை, கப்பலில் ஏற்றின கோட்டை என்று பிள்ளைகள் காஜா எடுத்துக்கொண்டே கம்பெனி ஆட்சி முழுவதையும் படித்து முடித்தார்கள். தான் தைத்த சட்டைக் கையைப் பார்த்தே பாடம் ஒப்பிப்பாள் கலா. அடுத்த வருஷம் வகுப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள், நீங்கள் போய்க் கேட்காமலே.

போன ஞாயிறு சர்ச் ஹாலில் உங்கள் நினைவுக் கூட்டம். அதே சார் தள்ளாடி மேடையேறி, "கோவளம் போனப்போ டீச்சருக்கு முதல்ல துணை நின்னவன் நான்" என்றார். கைதட்டினார்கள். கலா என் கையை அழுத்தினாள்: "வயசானவரும்மா, விட்டுடு."

விடுவேனா? எழுந்தேன். "இல்ல சார். டீச்சரை எடுக்கச் சொல்லி நீங்க கையெழுத்து வாங்கினீங்க. என் வாசல்லயும் வந்து நின்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"துக்கக் கூட்டத்துல இதெல்லாம் எதுக்கு?" என்று வெளியே ஒருத்தி முணுமுணுத்தாள். எனக்கு வன்மம்தான், மறைக்கவில்லை. ஆனால் நம்ம தெருவில் நடந்ததையே கண்ணெதிரில் மாற்றிச் சொன்னால், குஜராத்தில் நடந்ததை என் பேத்தி எப்படி நம்புவாள்? இனியும் எந்தக் கூட்டத்தில் யார் மாற்றிச் சொன்னாலும் எழுந்து நிற்பேன். முட்டி வலிக்கத்தான் செய்கிறது, டீச்சரம்மா. வலிக்கட்டும்.