யானை நின்ற இடம்

அம்மா,

ஊறவைக்க அப்பாவின் சட்டையை எடுத்தேன். பை கனத்தது. உள்ளே ஒரு சிமென்ட் துண்டு, உள்ளங்கை அளவு. சாம்பல் நிறம், விளிம்பில் வெள்ளைப் பெயின்ட். என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. யானையின் கால் நகம்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பார்க்கின் சிமென்ட் யானை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எங்களைக் கூட்டிப்போன அந்தச் சின்னப் பார்க். ஒரு ராட்டினம், ஒரு குட்டி ரயில், எப்போதும் ரிப்பேரில் கிடக்கும் படகு. அதை மூடுகிறார்கள். குடோன் வரப்போகிறதாம். வாசலில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டியிருந்ததை அப்பா பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டார்.

"ஒரு தடவ போய்ட்டு வந்துடலாமா?"

நீ போன பிறகு அவர் தானாகக் கேட்ட முதல் விஷயம். எப்படி மறுப்பேன்.

அவருக்கு நினைவு நழுவுகிறது. நீ இருந்தவரை எங்களுக்குத் தெரியவில்லை. அவருடைய ஞாபகத்தில் பாதி உன்னிடம் இருந்திருக்கிறது போல.

யானைகள் திரியும் சானமாவுக் காட்டை ஒட்டி வளர்ந்தவள் நான். ராகி முற்றும் மாதங்களில் யானை என்ற சொல் காதில் விழுந்தாலே என் கால்கள் தாமாக வீட்டுக்குள் ஓடும். அப்படிப் பழக்கியது நீ. அதே நீ, பார்க்குக்குள் நுழைந்ததும் குனிந்து என் கவுன் பட்டனைப் போட்டபடி சொல்வாய்: "தொலைஞ்சா யானைகிட்ட வந்து நில்லு. அசையாத. நாந்தான் தேடுவேன். ரெண்டு பேரும் தேடுனா ரெண்டு பேரும் கெடைக்க மாட்டோம்."

அப்பா சிரிப்பார். "வீட்ல யானைன்னா ஓடுங்கற. இங்க நில்லுங்கற. புள்ள எதத்தான் கேக்கும்?"

"அது சாணி போடும், இது போடாது. எம் பொண்ணுக்கு வித்தியாசம் தெரியும். உங்களுக்குந்தான் சேத்துச் சொல்றேன், கேட்டுக்குங்க."

நேற்று அப்பாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் குட்டி ரயிலுக்கு டிக்கெட் வாங்கப் போனேன். போனில் பணம் கட்டச் சிக்னல் இல்லை. போனை உயர்த்திப் பிடித்தேன். திரும்பினால் பெஞ்ச் காலி.

கடைசி ஞாயிறு. ஊரே வந்திருந்தது. கேட்டுக்கு வெளியே லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. முதலில் அங்கேதான் ஓடினேன். சாலையைப் பார்த்தேன். யாரும் அடிபட்டுக் கிடக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

டிக்கெட் கொடுக்கும் அக்கா கேட்டார்: "வெள்ளச் சட்டயா? இங்க பாதிப் பேரு வெள்ளச் சட்டதான் கண்ணு. பேரச் சொல்லு, மைக்ல கூப்புடறேன்."

சொன்னேன். மூன்று மொழியிலும் கூப்பிட்டார். அப்போதுதான் தோன்றியது. அது தன் பெயர் என்று இன்றைக்கு அவருக்குத் தெரியுமா?

ராட்டினம். ரயில். கழிப்பறை. மறுபடி கேட். மறுபடி ராட்டினம். எங்கோ அவரும் இதேபோல் சுற்றிக்கொண்டிருக்கிறார், நான் திரும்பும் ஒவ்வொரு மூலையையும் அப்போதுதான் கடந்து போயிருக்கிறார் என்று பட்டது. உன் குரல் கேட்டது. நின்றேன். யானையிடம் போனேன்.

யானை இல்லை.

முழங்காலோடு அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். யாரோ தாபாக்காரர் வாங்கிவிட்டாராம். கம்பி நீட்டிக்கொண்டு நான்கு கால்கள் மட்டும். நான்கின் நடுவில் அப்பா. அசையாமல்.

என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"வந்துட்டியா? பாப்பாவக் காணோம்."

உன்னிடம் சொல்கிறார். நான்தான்ப்பா பாப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ எங்கயும் போவாத. ரெண்டு பேரும் தேடுனா கெடைக்க மாட்டா. இங்கதான வருவா."

நின்றேன். மைக் இன்னும் அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டார். "யாரோ தொலைஞ்சுட்டாங்க போல. பாவம்."

ராட்டினம் நின்றது. விளக்குகளை வரிசையாக அணைத்துக்கொண்டே வாட்ச்மேன் வந்தார். "ஆயித்தும்மா, நேரம் முடிஞ்சுது. பெரியவரக் கூட்டிட்டுக் கெளம்புங்க."

"கொழந்த வரணும்பா" என்றார் அப்பா.

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார்.

"ஆமாண்ணா," என்றேன். "வரணும்."

பாப்பா முன்னாடியே வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்லித்தான் அவரைக் கிளப்ப முடிந்தது. "தனியாவா போனா?" என்றார். பஸ் முழுக்க வேறு பேச்சில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நகத்தை எப்போது எடுத்துப் பையில் போட்டார் என்று தெரியவில்லை. இந்தச் சட்டையை எடுக்கும் வரை எனக்கு அது தெரியாது.

நாளை வேலைக்குப் போயாக வேண்டும். பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன். கதவை வெளியே பூட்டுவதா, வேண்டாமா? இரண்டும் பயமாக இருக்கிறது.

நகத்தைக் கழுவி வாசற்படி ஓரம் வைத்தேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து அவர் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டேன். "வெளிய வந்து வழி தெரியலன்னா இங்கயே நில்லுங்கப்பா. அசையாதீங்க. நான் வருவேன்."

தலையாட்டினார். பிறகு கேட்டார்: "எவ்ளோ நேரம் நிக்கணும்?"

அதை நீ எனக்குச் சொன்னதில்லை, அம்மா. நான் கேட்டதும் இல்லை. கேட்கத் தோன்றுவதற்குள் நீ வந்துவிடுவாய்.