பங்களாத் தொட்டிலில் ஆட்டுக்குட்டி

புளத்கொகுபிட்டிய,
11.11.2007

அன்பு மகள் தர்மிளாவுக்கு,

மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்ல சுகம். அந்தக் குளிர் நாட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் தினேஷும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். இங்கே விடாத மழை, மரத்தில் பால்வெட்டு இல்லை, ரப்பர் ஸ்டோரிலும் எனக்கு வேலை குறைவு, அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, என்னைத் திட்டும்போது மட்டும் சுத்தமாக வலிப்பதில்லையாம்.

போனில் நீ சொன்னது இன்னும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தை மாதம் பேரனுக்கு மொட்டை போட வரும்போது பகலில் கோயிலுக்கு வந்துவிட்டு ராத்திரிக்குக் கொழும்பில் ஹோட்டலுக்குப் போய்விடுவோம் என்றாய். எல்லாம் அந்தத் தொட்டிலால் வந்த வினை. தோட்டத்துப் பெரிய தொரை மாறிப்போனபோது பங்களாச் சாமானை எல்லாம் டவுனில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஸஹாப்தீன் முதலாளி வாங்கினார், அதில் வெள்ளைப் பெயின்ட் அடித்த மரத்தொட்டில் ஒன்று. முந்தைய தொரைமார் பிள்ளைகளெல்லாம் படுத்தது, என் பேரனும் அதில் படுக்கட்டும் என்று ஆசையாக வாங்கி, லயத்து வீடுகள் வழியே தலையில் வைத்துத் தூக்கி வந்தேன், பார்க்காதவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ என்னடா என்றால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், ஏற்றி இறக்கும் பக்கப் பலகை இப்போது ஆகாது, சட்டங்களுக்கு நடுவே சோடா டின் ஒன்று நுழைந்தால் அந்தத் தொட்டிலே வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே போனாய், ஏன் என்று கேட்பதற்குள் போன் கார்ட் முடிந்து லைன் அறுந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் உன்னைச் சேலைத் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் அம்மா மலைக்கு வேலைக்குப் போனாள், உத்திரம் முழுக்க வரிசையாகத் தொட்டில் தொங்கும், அப்போது எந்த டின்னை வைத்து யார் அளந்தார்கள். இப்போது மடுவத்திலும் சட்டம் மாறிப்போய் சேலை கட்ட விடுவதில்லை, பிள்ளைகளைத் தரையில் மெத்தையில்தான் படுக்கப் போடுகிறார்கள். இருந்தாலும் நீ சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். சோடாவை நாங்கள் போத்தலில்தானே குடிக்கிறோம், டின்னுக்கு எங்கே போவது. பேரன் தலை அளவில் ஒரு தேங்காயை எடுத்து எல்லாச் சட்டத்துக்கு நடுவிலும் தள்ளிப் பார்த்தேன், எதிலும் போகவில்லை. தேங்காயே போகலையே, புள்ள எங்க போகப் போகுது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தாமலே, தேங்காய்க்கு கையி காலு இருக்கா, அது எங்கயாச்சும் நழுவுமா என்று கேட்டாள்.

கேட்டதோடு விட்டாளா, நம் வெள்ளாடு போட்ட குட்டியைத் தூக்கி வந்து தொட்டிலுக்குள் விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பின்பக்கமாகவே நகர்ந்து பின்னங்காலைச் சட்டத்துக்கு வெளியே விட்டது, அப்படியே வயிறும் நழுவி வெளியே வந்துவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் தலை வரவில்லை மகளே. கால் தரைக்கு எட்டாமல் உடம்பு கீழே தொங்க, கழுத்து மேலே மாட்டிக்கொண்டது, கத்தக்கூட அதற்கு முடியவில்லை. அம்மா அடியில் தாங்கிப் பிடிக்க நான் சட்டத்தை உடைத்து எடுத்தேன், குட்டி உதறிக்கொண்டு ஓடிவிட்டது. நீ சொன்ன அளவு தலைக்கு இல்லை, உடம்புக்கு என்பது அப்போதுதான் புரிந்தது.

விஷயம் கேள்விப்பட்டு ஸஹாப்தீன் முதலாளி, ஒரு சட்டம்தான இருளப்பன், தச்சு பாஸ்கிட்ட குடுத்து சரி பண்ணிக்கலாம், நீங்க கொண்டாந்து குடுங்க, வாங்க வேற ஆளு இருக்காங்க என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த வேறு ஆள் யாரென்று தெரியுமா, பக்கத்துத் தோட்டத்து தலைப்பிள்ளைக்காரி ஒருத்தியாம். எனக்குக் கேட்டதுமே குட்டி தொங்கியது கண்ணில் வந்தது. தர மாட்டேன் என்று சொல்லி, ஏன் என்றும் விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, தொட்டிலை வாளால் துண்டு துண்டாக அறுத்தேன். அறுக்கும்போது மனது வலித்தது, மறைக்கவில்லை. இப்போது அந்தச் சட்டங்களில் அம்மாவின் பாவற்கொடி ஏறுகிறது. தொரை பங்களா பாவக்கா என்று லயமே கேலி பண்ணுகிறது.

மாப்பிள்ளை மடித்துக் கொண்டுவரும் தொட்டில் ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதை எடுத்து வாருங்கள், முன் அறையில் ஜன்னலை விட்டுத் தள்ளி இடம் ஒதுக்கிவிட்டேன். படிக்கட்டுக்கு மரக்கதவும் வைத்தாயிற்று. தலையணை வேண்டாம் என்றாய், அம்மா தைத்ததை எனக்கே கொடுத்துவிட்டாள், யானை படம் போட்ட தலையணையில்தான் நான் இப்போது தூங்குகிறேன். இனி நீ சொல்லும் சட்டம்தான் இந்த வீட்டுச் சட்டம். ஹோட்டல் பேச்சை மட்டும் விட்டுவிடு. என் பேரன் தூக்கத்தில் புரள்கிற சத்தம் ஒரு ராத்திரியாவது இந்த வீட்டில் எனக்குக் கேட்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். பேரனுக்கு நெற்றியில் ஒரு முத்தம். மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். வரும்போது ஒரு சோடா டின் மறக்காமல் கொண்டு வா, வாசல் வேலியை நான் இன்னும் அளக்கவில்லை.

என்றும் உன் அப்பா,
மு. இருளப்பன்