வியாழக்கிழமை வரும் ஜீப்

ஆவணி 25, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். தேயிலை பாக்டரிக்குப் போகிற வழியில் காலில் மூன்று அட்டை.

ஓட்டுக்கு இன்னும் ஒரு வாரம். செய்ய வேண்டியவை:

வோட்டர் லிஸ்ட் படித்து வீட்டு வாரியாகக் குறிப்பது. லிஸ்ட் முழுக்க மலையாளம். எஸ்டேட் மேல் டிவிஷனில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பழைய தொழிற்சங்கத்துச் செயலாளர் நான். புதுச் சங்கத்தில் என் மச்சினன் இசக்கி.
நோட்டீஸ் ஒட்டப் பசை. மைதா வேண்டும். ரேஷனில் இந்த வாரமும் வரவில்லை.
கூரைத் தகரத்தில் ஒழுக்கு. ஆபீஸில் நாலாவது தடவை சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனைவி பேச்சி படுத்திருக்கிறாள். மத்தியானமே கொழுந்துக் காட்டிலிருந்து வந்துவிட்டாளாம். பதினான்கு வருஷத்தில் அரை நாளோடு திரும்பியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வயிற்று வலி. இரண்டு தடவை வாந்தி. ஓமத்தண்ணீர் கொடுத்தேன். "வாய்வுதான், சரியாயிரும். நீங்க லிஸ்டப் பாருங்க" என்றாள். பார்த்தேன்.

ஆவணி 26, வெள்ளி

மழை. வலி வலதுபக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. தொட்டால் துடிக்கிறாள். காய்ச்சல்.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்து பார்த்தார். கையை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "இது இவிடெ நிக்காது கேட்டோ. வலிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. ஆபரேசன் வேணம்." எப்போ என்றேன். "எப்போன்னா? இப்போ!"

ஆபீஸுக்கு ஓடினேன். எஸ்டேட் ஜீப் கேட்டேன். மேல் டிவிஷன் ரோடு அரித்துக் கிடக்கிறது, ஜீப் ஏறாது, ஏறினால் ஸ்பிரிங் போய்விடும் என்றார் ஹெட் கிளார்க். மேனேஜர் துரையைப் பார்க்கவேண்டும் என்றேன். துரை வெளியே. திரும்பி வரும்போது அதே ஜீப் பங்களாப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் மரத்தூள் கொட்டிய சாக்கு, சாக்குக்குள் ஐஸ் கட்டி, குமுளியிலிருந்து. நாளைக்குப் பங்களாவில் விருந்தாம். தண்ணீர் ரோடு முழுக்கச் சொட்டிக்கொண்டே போனது.

அவர்கள் ஐஸ் தின்னட்டும். எனக்கு ஆத்திரம் அதில் இல்லை. ஸ்பிரிங் போய்விடும் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னானே, அதில்தான்.

ஆவணி 27, சனி

ராத்திரி முழுக்க முனகல். மகள் செல்விக்குப் பத்து வயசு. அவள்தான் கஞ்சி வைத்தாள். பேச்சி ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஜீப் இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இங்கே முடியாதவர்களைக் கம்பளியில் கிடத்தி, கம்பளியின் இரண்டு முனையையும் மூங்கிலில் கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றி பஸ் ரோட்டுக்கு இறக்குவோம். ஆறு மைல். எட்டு ஆள் வேண்டும், எட்டும் வலுவான ஆள். முன்பெல்லாம் ஒரு சத்தம் கொடுத்தால் பதினைந்து பேர் வருவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலிடத்தில் சங்கத் தலைவர்கள் பிரிந்தார்கள். எதற்கென்று எனக்கே இன்னும் முழுசாகத் தெரியாது. இங்கே குழாய் இரண்டாயிற்று, டீக்கடை இரண்டாயிற்று, அம்மன் கொடைக்கும் இரண்டு வரி. போன வருஷம் சங்கத்தில் ஒரு தீர்மானம்: புதுச் சங்கத்தார் வீட்டு நல்லது கெட்டதுக்கு நம் ஆட்கள் தோள் கொடுக்கக் கூடாது. எழுதியது நான். வாசித்தது நான். கை தட்டினார்கள். பதிலுக்கு அவர்களும் ஒன்று போட்டார்கள். ஆடி மாசம் அந்தப் பக்கத்து மாடசாமி, அவர்கள் ஆட்கள் பாதிப்பேர் ஊருக்குப் போயிருந்த சமயம், அப்பாவை நாலே பேரோடு தூக்கிக்கொண்டு போனான். வழியில் ஆறு தடவை இறக்கி வைத்தார்களாம். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் பக்கத்தில் தோள் கொடுக்கிற வயசில் ஐந்து பேர். மூன்று பேர் நோட்டீஸோடு வண்டிப்பெரியார் போயிருக்கிறார்கள். புதுச் சங்கத்து வாசலில் போய் எந்த முகத்தோடு கேட்பது?

சாயங்காலம் எங்கள் தலைவர் வந்தார், நடந்தேதான். அவர் காரும் கீழேயே நின்றுவிட்டது. பேச்சியைப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார். நல்ல மனுஷர்தான். "கவலப்படாதீங்க. வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு நம்ம ஜீப்பு மேல வரும், ஓட்டுப் போடுற ஆளுகள ஏத்த. முன்சீட்டு ஒங்க வீட்டம்மாவுக்கு. ஓட்டப் போட்டுட்டு அப்படியே ஆஸ்பத்திரி. டாக்டருக்கு நான் லெட்டர் தாரேன்."

வியாழனுக்கு ஐந்து நாள். கம்பவுண்டர் சொன்ன 'இப்போ' ஞாபகம் வந்தது. ஆனால் தலைவர் வார்த்தை. மனசு கொஞ்சம் லேசானது.

ஆவணி 28, ஞாயிறு

மழை விட்டு வெயில். காலையில் அதிசயம்: பேச்சிக்கு வலி குறைந்திருக்கிறது. திடீரென்று விட்டதுபோல் இருக்கிறது என்றாள். வெந்நீர் குடித்தாள். வேர்க்கிறது, கை கால் சில்லென்று இருக்கிறது. காய்ச்சல் இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு மைக் சத்தம். புதுச் சங்கத்து ஜீப், எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலிலேயே! ஏறாது என்ற ரோட்டில் உறுமிக்கொண்டு ஏறி வந்து நிற்கிறது. கொடி, தாள் தோரணம், உள்ளே நாலு பேர். இசக்கி குதித்து இறங்கினான். இரண்டு வருஷமாக என் வாசலை மிதிக்காதவன் நேரே உள்ளே வந்து அக்காளைப் பார்த்தான். வெளியே வந்தான்.

"அத்தான், வண்டி கெடக்கு. கூட்டத்தப் பொறவு பாத்துக்கிடலாம். அக்காள ஏத்துங்க."

லயமே வாசலில். எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். நான் பதில் சொல்லுமுன் ஜீப்பில் மைக் பிடித்திருந்தவன், அந்தப் பயல் யாரென்றுகூட எனக்குத் தெரியாது, மைக்கிலேயே சிரித்தான்: "செயலாளர் குடும்பமே நம்ம வண்டியில வருதுடோய்!"

அவ்வளவுதான். அந்த ஒரு சிரிப்பு.

"வேண்டாம். வியாழக்கெழம எங்க வண்டி வருது" என்றேன்.

"அத்தான், அது எவன் எளவு வண்டியா இருந்தா என்ன? அக்காளப் பாத்தீயளா இல்லியா? மூஞ்சி கறுத்துக் கெடக்கு."

"வலி கொறஞ்சிட்டு. நீ ஒன் சோலியப் பாரு."

உள்ளே போனேன். பேச்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலையை அள்ளி முடிந்திருந்தாள். செல்வியிடம் கேட்டு, பெட்டியிலிருந்த வெளுத்த சேலையை மடியில் வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சேலையைத் திரும்ப மகள் கையில் கொடுத்துவிட்டு, "ஆமா, வலி இல்ல. தம்பி கூடப் போனா ஒங்களுக்குத் தலகுனிவுல்லா" என்று படுத்துக்கொண்டாள்.

ஜீப் போய்விட்டது.

நான் செய்தது சரி என்று எழுதலாம் என்றுதான் நோட்டை எடுத்தேன். எழுத வரவில்லை.

ஆவணி 29, திங்கள்

மேகமூட்டம். பாக்டரிக்குப் போகவில்லை. வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. பச்சையாக வாந்தி. மூச்சு சின்னச் சின்னதாக.

கம்பவுண்டர் வந்து திட்டினார். "ஞான் வெள்ளியாழ்ச பறஞ்ஞதல்லே? உள்ளில் பொட்டிப்போயி! வலி நின்னது அதானு. மனசிலாயோ?" ஞாயிற்றுக்கிழமை வலி நின்றதே உள்ளே வெடித்துப்போனதால்தானாம். அந்த மனுஷர் கண்ணில் தண்ணீர். எனக்கு வரவில்லை.

ஆபீஸுக்கு மறுபடியும். துரை இருந்தார். இரண்டே நிமிஷம். நல்லபடியாகத்தான் பேசினார். நாளைக் காலை ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். ஜீப் கோட்டயம் போயிருக்கிறது.

திரும்பி வந்ததும் வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு இசக்கி வாசலில் போய் நின்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இசக்கி, ஜீப்பு..." என்றேன். "இன்னிக்கு வட்டவடைப் பக்கம் போயிட்டு அத்தான். நாளன்னைக்குத்தான் வரும்" என்றான். சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். "தூக்கிருவோம். விடியட்டும். இந்த இருட்டுல வழுக்கும்."

ஆவணி 30, செவ்வாய்

விடியுமுன்பே வாசலில் பதினாறு பேர். எண்ணினேன். எங்கள் ஆட்கள் ஐந்து, மீதி அவர்கள். யாரும் தீர்மானத்தைப் பற்றிப் பேசவில்லை. மாடசாமியும் வந்திருந்தான், நாலே பேரோடு அப்பாவைத் தூக்கிப் போனவன். "முன்னால நான் பிடிக்கேன் செயலாளரே, எனக்கு வழி பழக்கம்" என்றான். குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

என் கம்பளி நைந்து கிடந்தது. இசக்கி புதுக் கம்பளி கொண்டுவந்தான், இந்த வருஷம் எஸ்டேட்டில் கொடுத்தது.

மூன்றாவது மைல், பாலத்தைத் தாண்டித் தோள் மாற்றும்போது பேச்சி "தண்ணி" என்றாள். மாடசாமி ஓடையில் இறங்கிச் சேம்பு இலையில் கொண்டுவந்தான். பாதி வெளியே வழிந்தது. "செல்விக்குத் தல பின்னல" என்றாள். பிறகு பேசவில்லை. நாலாவது மைலில் இசக்கி மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கினான். "அத்தான், போதும். எறக்குங்க" என்றான்.

திரும்பி மேலே தூக்கி வந்தோம். ஏற்றம். பதினாறு பேரும்.

ஆவணி 31, புதன்

மழை. பதினோரு மணிக்கு அடக்கம்.

இரண்டு சங்கத்திலிருந்தும் மாலை வந்தது, கொடித்துணி நாடா வைத்து. எது முதலில் போடுவது என்று குழிமேட்டில் நின்று முணுமுணுத்தார்கள். இசக்கி இரண்டையும் வாங்கித் தேயிலைக்குள் வீசினான். 

செல்விக்கு நான் தலை பின்னினேன். கோணல்.

சாயங்காலம் தலைவர் ஆள் அனுப்பினார். துக்கம் விசாரித்துவிட்டு, நாளைக்குப் பூத்தில் உட்கார வேறு ஆள் இல்லை, லிஸ்ட் வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான், கட்டாயம் இல்லை, மனசிருந்தால் என்றார்கள். சரி என்றேன். வீட்டில் உட்கார்ந்தால் அந்தச் சேலைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

புரட்டாசி 1, வியாழன்

நல்ல வெயில். ஜீப் சொன்னபடி ஆறு மணிக்கு வந்தது. ஐந்து நிமிஷம் முன்னாலேயே. முன்சீட்டில் யாரையும் ஏற்றாமல் வைத்திருந்தான் டிரைவர். விஷயம் தெரியாதாம் பாவம். "அம்மா எங்கே?" என்றான். நான் ஏறி உட்கார்ந்தேன்.

அந்த ரோட்டில் இன்றைக்கு இரண்டு பக்கத்து ஜீப்பும் சேர்ந்து பதினோரு தடவை ஏறி இறங்கியது. ஒரு ஸ்பிரிங்கும் போகவில்லை. நடக்க முடியாத கிழங்கள், முந்தாநாள் பிள்ளை பெற்றவள், ஒருவரையும் விடவில்லை. ராஜமரியாதை. இனி ஐந்து வருஷத்துக்கு அந்த ரோடு மறுபடி அரித்துப் போய்விடும்.

பூத், கீழ் டிவிஷன் பள்ளிக்கூடம். ஏஜெண்டுகளுக்கு ஒரே பெஞ்சு. நான், பக்கத்தில் இசக்கி. இருவரும் சவரம் செய்யாத முகம். இருவர் மடியிலும் அதே லிஸ்ட். பத்து மணிக்கு அவனுக்கு வந்த டீயில் பாதியை என்னிடம் தள்ளினான்.

மூன்று மணி சுமாருக்கு ஒரு பெண் வந்தாள். பச்சைச் சேலை, முக்காடு. இந்த எஸ்டேட் முகம் இல்லை. வாசலில் எங்கள் ஆள் நின்று அவளை உள்ளே அனுப்பியதைப் பார்த்தேன். அதிகாரி சீட்டை வாங்கி உரக்க வாசித்தார். "பேச்சியம்மாள். பர்த்தாவின்றெ பேரு?"

அவள் என் பெயரைச் சொன்னாள்.

பேச்சி ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். இவள் கூசாமல், தெளிவாக, இனிஷியலோடு சொன்னாள்.

அதிகாரி பெஞ்சைப் பார்த்தார். "ஆட்சேபம் வல்லதும் உண்டோ?"

இசக்கி என் பக்கம் திரும்பினான். அவன் சொல்லியிருக்கலாம், அவன் கட்சிக்கு ஒரு ஓட்டு லாபம். சொல்லவில்லை. "நீங்க சொல்லுங்க அத்தான்" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அக்கா செத்துட்டாள்னு நீங்க சொல்லுங்க."

இது என் நோட்டு, யாரும் பார்க்கப் போவதில்லை, அதனால் உள்ளதை எழுதுகிறேன். அந்த நேரத்தில் முதலில் மனசில் வந்தது பேச்சி இல்லை. நம்ம ஓட்டு என்பதுதான் வந்தது. அதற்கப்புறம்தான் அவள் வந்தாள்.

"இல்ல சார்" என்றேன். லிஸ்டில் அவள் பெயருக்கு நேரே கோடு போட்டேன். அந்தப் பெண் விரலை நீட்டி மை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனாள்.

இசக்கி தன் லிஸ்டை மடித்து பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனான். மறுபடி வரவில்லை.

இருட்டுமுன் தலைவர் வந்து தோளில் தட்டினார். மேல் டிவிஷனில் நம் பக்கம் ஒரு ஓட்டுக்கூட வீணாகவில்லையாம்.